மனநோயை ஒலிக்கச் செய்தல்: தற்கால மேலைச் செவ்விசையில் குரலும் குழுவும் கேட்போரும்

ஆய்வுச் சுருக்கம்

மனநோயுற்ற ஒருவரின் அனுபவத்தை இசையால் புலப்படுத்தும் முயற்சி மேலைச் செவ்விசையில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. ஒழுங்கு குலைந்த இசையே நோயைச் சுட்டும் இசை என்னும் எளிய சமன்பாடு இம்முயற்சிகளைப் பற்றிய பேச்சில் பரவலாகக் காணப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டில் சுருதி மையத்தைத் துறந்த இசை இயல்பான ஒன்றாகிவிட்ட பின்னர் அச்சமன்பாடு செயலற்றுப்போகிறது. அந்நிலையில் படைப்பாளிகள் வேறு என்ன வழிகளைக் கண்டனர் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. பீட்டர் மாக்ஸ்வெல் டேவிஸின் ‘பித்துற்ற அரசனுக்கான எட்டுப் பாடல்கள்’ (1969) விரிவாக ஆராயப்படுகிறது. வொல்ஃப்காங் ரீமின் ‘யாக்கோப் லென்ஸ்’ (1979), பெர் நோர்கோரின் வோல்ஃப்லி சார்ந்த படைப்புகள் (1980–1981), ஃபிலிப் வெனபிள்ஸின் ‘4.48 சைக்கோசிஸ்’ (2016) ஆகியன ஒப்புநோக்கிற்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இப்படைப்புகளில் நோய் தனிக்குரலின் குலைவாக மட்டும் வெளிப்படவில்லை. அக்குரலுக்கும் அதைச் சூழ்ந்திருப்போருக்கும் இடையிலான உறவாகவே பெரிதும் வெளிப்படுகிறது என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: தற்காலச் செவ்விசை, மனநோய்ச் சித்திரிப்பு, இசைநாடகம், மேற்கோளிசை, குரல் நுட்பம், டேவிஸ், வோல்ஃப்லி.

1. முன்னுரை

ஓவியம் நோயாளியின் முகத்தைக் காட்டலாம். நாவல் அவருடைய எண்ண ஓட்டத்தைச் சொல்லலாம். இசைக்கு முகமும் இல்லை, சொற்பொருளும் இல்லை. எனினும் காலத்தின் போக்கு, திரும்ப வருதல், எதிர்பார்ப்பு, எதிர்பார்ப்பின் முறிவு ஆகியவற்றை நேரடியாக அனுபவிக்கச் செய்யும் ஆற்றல் இசைக்கு உண்டு. மனநோயின் அனுபவத்திலும் காலவுணர்வு, ஒரே எண்ணத்தின் மீள்வருகை, புறவொலிக்கும் அகவொலிக்கும் உள்ள எல்லை ஆகியவை மாற்றமடைகின்றன. ஆகவே இசையாளர்கள் இப்பொருளை நாடியதில் வியப்பில்லை.

இந்நாட்டத்தில் ஓர் அறச்சிக்கலும் உண்டு. அரங்கில் அமர்ந்து ஒருவரின் துன்பத்தைக் கலையாகக் கேட்பது, பழங்காலத்தில் மனநோயாளிகளைக் காட்சிப்பொருளாகப் பார்க்கச் சென்ற செயலிலிருந்து எவ்வகையில் வேறுபடுகிறது? பதினெட்டாம் நூற்றாண்டில் இலண்டனின் பெத்லெம் மருத்துவமனைக்குப் பொதுமக்கள் நோயாளிகளைக் காண்பதற்கென்றே சென்றனர் என்பது வரலாறு. இசையரங்கு அதன் நாகரிகமான தொடர்ச்சியாக அமைந்துவிடக் கூடும். சிறந்த படைப்புகள் இக்கேள்வியைத் தவிர்ப்பதில்லை. இசையின் கட்டமைப்புக்குள்ளேயே அதைக் கொண்டுவருகின்றன. அவ்வாறு கொண்டுவரும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இங்கு ஓர் எல்லையையும் வரையறுக்க வேண்டும். நோயுற்ற இசையாளர்கள் எழுதிய இசை வேறு. நோயைப் பொருளாகக் கொண்ட இசை வேறு. இராபர்ட் ஷூமன் 1854-இல் மருத்துவமனையில் சேர்க்கப்படுவதற்குச் சற்று முன் எழுதிய பியானோ வேறுபாடுகள் அமைதியும் ஒழுங்கும் நிறைந்தவை. படைப்பாளியின் நோயைப் படைப்பின் ஒலியில் தேடுவது பெரும்பாலும் வழிதவறச் செய்யும் என்பதற்கு அதுவே போதிய சான்றாகும். இக்கட்டுரை இரண்டாம் வகையை மட்டுமே கருதுகிறது.

2. சொல்லாட்சி குறித்த விளக்கம்

இப்பொருளைத் தமிழில் பேசும்போது சொல்தேர்வே ஒரு கருத்துநிலையாகிவிடுகிறது. ‘பைத்தியம்’, ‘பித்து’ ஆகிய சொற்கள் பித்தம் என்னும் உடற்கூற்றுக் கொள்கையோடு தொடர்புடையவை. அதாவது நோயின் காரணத்தைச் சொல்லிலேயே ஏற்றிவைத்திருப்பவை. அவற்றுள் ‘பைத்தியம்’ இன்று பெரும்பாலும் இழிவுச் சொல்லாகவே வழங்குகிறது. ‘பித்து’ பக்தி மரபில் இறைவனுக்கும் அடியாருக்கும் உரிய உயர்நிலையையும் குறித்திருக்கிறது. ‘மனநோய்’ மருத்துவமும் சட்டமும் ஏற்ற சொல், இழிவு நீங்கியது, ஆனால் நோயறிதல் ஒன்று முடிந்துவிட்டதாக முன்கூட்டியே கொள்வது.

டேவிஸ் தம் படைப்பின் தலைப்பில் பயன்படுத்திய ஆங்கிலச் சொல் மருத்துவச் சொல்லன்று, ஊரார் சொல். அரசனைப் பார்த்து ஊர் சொன்ன சொல்லைத் தலைப்பில் நிறுத்துவதன் மூலம் கேட்போரையும் ஊராருள் ஒருவராக அப்படைப்பு ஆக்கிவிடுகிறது. ஆதலின் இக்கட்டுரை தலைப்பைக் குறிக்குமிடத்து ‘பித்துற்ற’ என்பதையும், பொதுவாகப் பேசுமிடத்து ‘மனநோய்’ என்பதையும் கையாள்கிறது.

3. முன்மரபு

கயத்தானோ டோனிசெட்டியின் ‘லம்மெர்மூரின் லூச்சியா’ 1835-இல் நேப்பிள்ஸ் நகரில் அரங்கேறியது. மணநாளிரவில் கணவனைக் கொன்ற லூச்சியா நிலைகுலைந்து பாடும் காட்சி அதன் உச்சமாகும். அக்காட்சிக்கு டோனிசெட்டி முதலில் கண்ணாடி ஹார்மோனிகாவைத் துணைக்கருவியாக எண்ணினார். பின்னர் புல்லாங்குழல் அவ்விடத்தைப் பெற்றது. நோயின் அடையாளமாக இங்கு அமைவது விரைந்த, நுணுக்கமான சுர அலங்காரம். சொல் கரைந்து ஒலி மட்டும் எஞ்சுகிறது. ஆயினும் அவ்வலங்காரம் பாடகியின் திறமைக்குரிய மேடையாகவும் இருந்தமையால், துன்பமும் கைத்தட்டலும் ஒரே இடத்தில் சந்தித்தன.

அர்னால்ட் ஷோன்பெர்க் 1909-இல் பதினேழு நாள்களில் எழுதிமுடித்த ‘எதிர்பார்ப்பு’ இரவில் காட்டுக்குள் காதலனைத் தேடும் ஒரு பெண்ணின் தனிமொழியாகும். அதன் சொற்பகுதியை எழுதிய மரீ பாப்பன்ஹைம் மருத்துவம் பயின்றவர். இப்படைப்பில் சுருதி மையம் இல்லை. கருப்பொருள்கள் வளர்ந்து திரும்பி வருவதும் அரிது. நினைவு நிலைகொள்ளாத மனத்தை, நினைவுகொள்ள இடந்தராத இசையே காட்டுகிறது. இது 1924-இல்தான் பிராகாவில் மேடையேறியது.

ஆல்பன் பெர்க்கின் ‘வொசெக்’ (பெர்லின், 1925) வேறொரு திருப்பத்தைத் தருகிறது. இலைப்சிக் நகரில் 1824-இல் மரண தண்டனைக்குள்ளான ஒரு முன்னாள் படைவீரரின் வழக்கே கேயார்க் ப்யூஷ்னரின் நாடகத்திற்கும் அதன்வழி இந்த இசைநாடகத்திற்கும் மூலமாகும். அவருக்குத் தம் செயலுக்குப் பொறுப்பேற்கும் மனநிலை இருந்ததா என்பது அவ்வழக்கில் மருத்துவ ஆய்வுக்குள்ளாயிற்று. இசைநாடகத்தின் முதல் அங்கம் நான்காம் காட்சியில், வொசெக்கைக் காசு கொடுத்துச் சோதனைக்கு உட்படுத்தும் மருத்துவர் வருகிறார். அவருடைய காட்சி பாசகாலியா என்னும் வடிவில் அமைந்தது. பன்னிரு சுரங்கள் கொண்ட ஒரே கருப்பொருளின் மேல் 21 வேறுபாடுகள் கட்டப்படுகின்றன. ஒரே எண்ணம் விடாது திரும்ப வருவது நோயின் குறியாயின், அக்குறியை இசை வொசெக்குக்கு அளிக்கவில்லை. அவரை ஆராயும் மருத்துவருக்கே அளித்திருக்கிறது. நோய் யாரிடத்தில் உள்ளது என்னும் கேள்வியை வடிவத்தின் வாயிலாகவே எழுப்பிய இப்படைப்பு, பின்வந்தோர்க்கு வழிகாட்டியாயிற்று.

இம்மூன்றிலும் ஒரு பொதுக்கூறு உண்டு. அக்காலக் கேட்போரின் இசைவழக்கிலிருந்து விலகுவதே நோயின் ஒலியாகக் கொள்ளப்பட்டது. வழக்கு மாறினால் விலகலின் பொருளும் மாறும். 1960-களில் ஐரோப்பியப் புத்திசை அரங்குகளில் சுருதி மையமற்ற இசை அன்றாட மொழியாகியிருந்தது. அங்கு இசைவின்மை நோயைச் சுட்டாது. அது வெறும் இசையாகவே கேட்கும். இச்சூழலில்தான் டேவிஸின் படைப்பு தோன்றியது.

4. பித்துற்ற அரசனுக்கான எட்டுப் பாடல்கள்

4.1 தோற்றம்

பிரித்தானிய அரசர் மூன்றாம் ஜார்ஜ் 1760 முதல் 1820 வரை அரசுப் பட்டத்தில் இருந்தார். 1788–89-இல் கடுமையான மனக்குலைவுக்கு உள்ளாகி மீண்டார். அக்காலத்தில் அவரைக் கவனித்த ஃபிரான்சிஸ் வில்லிஸ் கட்டுச்சட்டையைப் பயன்படுத்தினார். 1810-க்குப் பிறகு நோய் நிலைபெற்றது. 1811-இல் அவர் மகன் ஆட்சிப் பொறுப்பாளரானார். எஞ்சிய ஆண்டுகளை அரசர் பார்வையும் இழந்து வின்ட்சர் கோட்டையில் கழித்தார்.

அரசருக்கு உரியதாயிருந்த, எட்டு மெட்டுகளை ஒலிக்கும் சிறிய இயந்திர ஆர்கன் ஒன்று வரலாற்றாசிரியர் ஸ்டீவன் ரன்சிமனிடம் இருந்தது. கூண்டில் வளர்த்த புல்ஃபின்ச் என்னும் சிறு பறவைகளுக்கு அக்கருவியைக் கொண்டு பாடக் கற்பிக்க அரசர் முயன்றார் என்ற செய்தி ஆஸ்திரேலிய எழுத்தாளர் ராண்டால்ஃப் ஸ்டோவுக்குக் கருவாயிற்று. அரசர் கூறியதாகப் பதிவான சொற்கள் பலவற்றைச் சேர்த்து ஸ்டோ எட்டுக் கவிதைகளை யாத்தார். டேவிஸ் அவற்றுக்கு இசையமைத்தார். 1969 ஏப்ரல் 22 அன்று இலண்டன் குவீன் எலிசபெத் அரங்கில், பியெரோ பிளேயர்ஸ் குழு டேவிஸின் நடத்துதலில் இதனை அரங்கேற்றியது. ராய் ஹார்ட் அரசராகப் பாடினார்.

அக்காலம் நோயறிதலே விவாதத்திற்குள்ளான காலம் என்பது கருதத்தக்கது. ஐடா மக்கால்பைன், ரிச்சர்ட் ஹன்டர் ஆகிய மருத்துவர்கள் 1966-இல் அரசரின் நோய் போர்ஃபிரியா என்னும் உடல்வேதியியல் குறைபாடு என வாதிட்டனர். பின்வந்த ஆய்வாளர் பலர் அதனை ஏற்கவில்லை. மனவெழுச்சிசார் நோய் என்ற கருத்து மீண்டும் வலுப்பெற்றுள்ளது. டேவிஸின் படைப்பு இவற்றுள் எதையும் சார்ந்து நிற்கவில்லை. மேடையில் நிற்பவர் அரசர்தாமா, அரசரென்று தம்மைக் கருதிக்கொள்ளும் வேறொருவரா என்பதைக்கூட அது உறுதிசெய்வதில்லை. நோயின் பெயரைச் சொல்லாமல் நோயின் நிலையைக் கேட்கச் செய்வதே அதன் வழியாகும்.

4.2 கூண்டு

இசைக்குழுவில் அறுவர் உள்ளனர். புல்லாங்குழல், கிளாரினெட், வயலின், செல்லோ ஆகியவற்றை வாசிக்கும் நால்வரும் மேடையில் பெரிய கூண்டுகளுக்குள் அமர்த்தப்படுகின்றனர். அவர்களே அரசர் பாடக் கற்பிக்க விரும்பிய பறவைகள். தாளக்கருவியாளர் அரசரின் காவலராக நிற்கிறார். அரசர் கூண்டுகளுக்கு இடையே நடமாடுகிறார்.

இவ்வமைப்பின் பொருள் எளிதில் கடந்துசெல்லத்தக்கதன்று. வரலாற்றில் கட்டப்பட்டவர் அரசர். மேடையில் அடைபட்டவர்கள் நலமுடைய இசைஞர்கள். நடமாடும் உரிமை நோயாளிக்கு இருக்கிறது. ஆனால் அவர் சென்று சேருமிடமெல்லாம் கம்பிகளே உள்ளன. மூன்றாம் பாடல் அரசரும் புல்லாங்குழலும் நிகழ்த்தும் உரையாடல். அதன் இசையேட்டுப் பக்கமே பறவைக்கூண்டின் வடிவில் வரையப்பட்டுள்ளது. கேட்போர் காணவியலாத அப்பக்கத்தைப் பாடுபவரும் வாசிப்பவரும் கண்டே இசைக்கின்றனர். ஆகவே கூண்டு மேடைப்பொருளாக மட்டும் நிற்கவில்லை. வாசிப்பு முறையிலேயே நுழைந்துவிடுகிறது.

4.3 குரல்

அரசரின் குரல்பகுதி ஐந்து ஸ்தாயிக்கு மேற்பட்ட பரப்பைக் கோருகிறது. கதறல், கிசுகிசுப்பு, உறுமல், ஒரே மூச்சில் ஒன்றுக்கு மேற்பட்ட சுரங்கள் ஒலிக்கும் பிளவுக்குரல் முதலியன அதில் அடங்கும். ஒரு பாடலுக்குள்ளேயே ஆண்குரலும் பெண்குரலும் பறவைக்குரலும் மாறிமாறி வரக் காணலாம்.

இக்குரல் நுட்பத்தின் வரலாறு இப்பொருளுக்கு நெருக்கமானது. ராய் ஹார்ட், ஆல்ஃபிரெட் வோல்ஃப்சோனின் மாணவர். முதல் உலகப்போரில் படைவீரராயிருந்த வோல்ஃப்சோன், சாகும் வீரர்களின் ஓலம் தம் செவியை விட்டு நீங்காத நிலைக்கு உள்ளானார். அவ்வொலிகளைத் தாமே பாடிப்பார்ப்பதன் வழியே விடுதலை தேடினார். மனிதக் குரலை ஆண், பெண், மேல், கீழ் என்று பிரிப்பது பழக்கத்தால் வந்த கட்டு என்றும், முழுக்குரலையும் திறப்பது மனத்தைத் திறப்பதாகும் என்றும் அவர் கருதிக் கற்பித்தார். எனவே 1969-இல் மேடையில் கேட்போரை அதிரவைத்த அக்கதறல், நோயைப் புறத்தே நின்று போலிசெய்த ஒலியன்று. போரால் காயமுற்ற ஒருவர் தம் நலத்திற்காகக் கண்டடைந்த பயிற்சியின் விளைவு. சிதைவாகக் கேட்கும் அதே ஒலி, அதை உண்டாக்கும் உடலுக்குக் கட்டுப்பாட்டின் உச்சமாகவும் இருக்கிறது. அமெரிக்க இசையாளர் ஜூலியஸ் ஈஸ்ட்மன் முதலாகப் பின்னர் இப்பகுதியைப் பாடியோர் அனைவரும் இந்த இரட்டைநிலையை எதிர்கொண்டனர். குரலை அழித்துக்கொள்ளாமல் அழிவை ஒலிக்கச் செய்ய நுட்பமான பயிற்சி வேண்டியிருக்கிறது.

4.4 மேற்கோளிசை

மேலே சுட்டிய சிக்கலுக்கு டேவிஸ் கண்ட விடை இப்பகுதியில் தெளிவாகிறது. இசைவின்மை நோயைச் சுட்டும் ஆற்றலை இழந்துவிட்ட காலத்தில், அவர் இசைவையே அச்சமூட்டுவதாக்கினார். மூன்றாம் ஜார்ஜ் ஹேண்டலின் இசையில் பெரும் பற்றுடையவர். ஏழாம் பாடலில், ஹேண்டலின் ‘மெசாயா’வில் ஆறுதல் கூறும் தொடக்கப் பகுதி முன்னறிவிப்பின்றி வருகிறது, ஆனால் அது இருபதாம் நூற்றாண்டு நடன அரங்கின் ஃபாக்ஸ்ட்ராட் நடையில் வருகிறது. பழகிய, இனிய, சுருதி மையமுள்ள இசை அங்கே கேலிக்குரலாக மாறிவிடுகிறது.

பித்தென்பது அண்மைக்காலம் வரை எள்ளி நகைப்பதற்குரியதாகவே கருதப்பட்டது என்றும், அரசரின் ஹேண்டல் மேற்கோள்கள் கருவிகளிடமிருந்து அத்தகைய எள்ளலை வரவழைக்கின்றன என்றும் டேவிஸ் தம் குறிப்பில் விளக்கியுள்ளார். இது கூர்ந்து நோக்கத்தக்கது. கருவிகள் ஊராரின் குரலை ஏற்கின்றன. அரசர் ஆறுதல் நாடிப் பற்றிக்கொள்ளும் இசையை அவை களியாட்டமாகத் திரித்துத் திருப்பித் தருகின்றன. அரங்கில் அவ்விடத்தில் கேட்போருக்குச் சிரிப்பு எழுவது இயல்பு. சிரித்த கணத்திலேயே தாம் யார் பக்கம் நிற்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. பெத்லெம் மருத்துவமனைக்கு வேடிக்கை பார்க்கச் சென்றவரின் இடத்தில் இசை அவர்களை நிறுத்திவிட்டது.

ஹேண்டல் தொட்டுத் தம் காலத்து இசையாளர்கள் வரை பலருடைய நடைகளை டேவிஸ் இவ்வாறு எடுத்தாள்கிறார். அவை மேடைப்பொருள்களைப் போல் வைக்கப்பட்டிருக்க, அரசரின் குரல் அவற்றின்மீது எதிர்பாராத கோணங்களிலிருந்து ஒளிவீசுகிறது என்பது அவர் தரும் உருவகத்தின் சாரமாகும்.

4.5 உடைபடும் வயலின்

ஏழாம் பாடலின் முடிவில் அரசர் கூண்டின் கம்பிகளுக்கு ஊடாக வயலினைப் பறித்து உடைக்கிறார். நிகழ்வின் உச்சம் இதுவே. இது ஒரு பறவையைக் கொல்வது மட்டுமன்று, அரசர் தம்முள் ஒரு பகுதியைச் சடங்குபோலக் கொல்வது என்பது டேவிஸின் விளக்கம். அதன் பின்னரே எட்டாம் பாடலின் தொடக்கத்தில் அரசர் தம் இறப்பைத் தாமே அறிவிக்கிறார். இறுதியில் காவலரான தாளக்கருவியாளரின் அடிகளுக்கிடையே ஓலமிட்டு மேடையிலிருந்து அகல்கிறார்.

இசையரங்கில் வயலின் என்பது ஒரு கருவி மட்டுமன்று; பண்பாட்டின் மதிப்புமிக்க சின்னம். மனிதத் துன்பத்தைப் பாடலாகக் கேட்டு அமைதியாயிருந்த அவை, மரக்கருவி உடைபடும்போது திடுக்கிடுகிறது. எதற்கு அவை அதிர்ந்தது, எதற்கு அதிரவில்லை என்பதே இக்காட்சி விட்டுச்செல்லும் கேள்வியாகும்.

5. அகக்குரல்களைக் கேட்டல்

டேவிஸின் படைப்பில் கேட்போர் அரசரைச் சூழ நிற்கின்றனர். பத்தாண்டு கழித்து 1979-இல் ஹாம்பர்க் நகரில் அரங்கேறிய வொல்ஃப்காங் ரீமின் ‘யாக்கோப் லென்ஸ்’ அவர்களை உள்ளே அழைத்துச்செல்கிறது. கவிஞர் யாக்கோப் லென்ஸ் மனக்குலைவுற்ற நிலையில் மலைச்சிற்றூர்ப் பாதிரியார் ஓபர்லினின் இல்லத்தில் தங்கியிருந்த நாள்களைப் பற்றி ப்யூஷ்னர் எழுதிய கதையே இதன் மூலம்.

இதில் ஆறு குரல்கள் தனிக்குழுவாக இடம்பெறுகின்றன. அவை லென்ஸின் செவிக்கு மட்டும் கேட்கும் குரல்கள். மேடையிலுள்ள ஓபர்லினுக்கு அவை கேட்பதில்லை. அரங்கிலுள்ள அவைக்கோ அவை லென்ஸுக்குக் கேட்பதைப் போலவே தெளிவாகக் கேட்கின்றன. ஆகவே லென்ஸ் அக்குரல்களுக்கு மறுமொழி கூறும்போது அவருடைய நடத்தை அவைக்குப் பொருளுடையதாகிறது. நலமுடைய ஓபர்லினே ஏதோ ஒன்றைக் கேட்கத் தவறியவராகத் தோன்றுகிறார். சிறிய கருவிக்குழுவில் வயலின்கள் இல்லை. மூன்று செல்லோக்கள் அடித்தளமாகின்றன. பழைய நடன வடிவங்களும் தேவாலய இசையின் சாயலும் இடையிடையே தோன்றி நிலைகொள்ளாமல் மறைகின்றன.

பிரமைக் குரல் கேட்டல் என மருத்துவம் பெயரிடும் அனுபவத்தை இசை விளக்கவில்லை, பகிர்ந்துகொள்கிறது. கேட்டல் என்னும் செயலே இசையின் ஊடகமாதலால் இப்பகிர்வு பிற கலைகளினும் இசைக்கு எளிதாகக் கைகூடுகிறது.

6. நோயாளியே படைப்பாளியாகும்போது

மேற்கண்ட இரு படைப்புகளிலும் நோயாளி பாத்திரமாவார். டென்மார்க் நாட்டு இசையாளர் பெர் நோர்கோரின் (1932–2025) படைப்புகளில் அவர் மூலாசிரியராகிறார்.

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த அடால்ஃப் வோல்ஃப்லி (1864–1930) வறுமையில் பெற்றோரை இழந்து, பண்ணைகளில் கூலிச்சிறுவனாக வளர்ந்தவர். சிறுமியர் மீதான பாலியல் வன்முறை முயற்சிக்காகச் சிறைசென்றவர். 1895 முதல் இறக்கும்வரை பெர்ன் நகருக்கருகில் உள்ள வால்டாவ் மனநல மருத்துவமனையில் வாழ்ந்தார். அங்கே சுமார் 25,000 பக்கங்களில் ஓவியமும் உரைநடையும் பாட்டும் இசைக்குறியீடும் கலந்த மாபெரும் கற்பனைத் தன்வரலாற்றைப் படைத்தார். அவருடைய இசைக்குறியீடுகள் பெரும்பாலும் வழக்கமான ஐந்து கோடுகளுக்கு மாறாக ஆறு கோடுகளின்மேல் அமைந்தவை. தாளைச் சுருட்டிய ஊதுகுழலில் தம் இசையைத் தாமே ஊதினார். மருத்துவர் வால்ட்டர் மோர்கன்தாலர் 1921-இல் இவரைப் பற்றி எழுதிய நூல், நோயாளி ஒருவரைப் பெயர்சுட்டிக் கலைஞராகவே முன்வைத்த முன்னோடி நூலாகும்.

நோர்கோர் 1970-களில் முடிவிலித் தொடர் என்னும் கணித ஒழுங்கின்மேல் பரந்த இசைவுலகைக் கட்டியவர். அவருடைய மூன்றாம் சிம்ஃபனி அதன் நிறைவான வெளிப்பாடு. 1979-இல் லூயிசியானா அருங்காட்சியகத்தில் வோல்ஃப்லியின் ஓவியங்களைக் கண்டபின் அவ்வுலகில் பிளவு நேர்ந்தது. ‘ஒரு குழந்தையைப் போல’ (1980) என்னும் சேர்ந்திசை, நான்காம் சிம்ஃபனி (1981), ‘தெய்வீகக் களியாட்டம்’ என்னும் இசைநாடகம் ஆகியன அதைத் தொடர்ந்தன. நான்காம் சிம்ஃபனியின் இரு பகுதிகளும் இந்திய ரோசாத் தோட்டம், சீனச் சூனியக்காரி ஏரி என்று வோல்ஃப்லியின் கற்பனையிலிருந்து பெயர் பெற்றவை. இனிமையும் பேரழிவும் இடைவெளியின்றி அடுத்தடுத்து நிற்கும் வோல்ஃப்லியின் உலகை, நோர்கோர் தம் ஒழுங்கைக் குலைக்கும் ஆற்றலாக ஏற்றார்.

‘ஒரு குழந்தையைப் போல’ மூன்று பகுதிகள் கொண்டது. முதலும் இறுதியும் வோல்ஃப்லியின் சொற்களில் அமைய, நடுப்பகுதி ரில்கேயின் கவிதையால் அமைகிறது. நலமுடைய பெருங்கவிஞரின் சொற்களும் நோயாளியின் சொற்களும் ஒரே தட்டில் வைக்கப்படுகின்றன. இறுதிப் பகுதியில் ஒரு குரல் குழுவோடு இணைய முயன்று, மீண்டும் மீண்டும் தாளத்தில் தவறிவிடுகிறது. அக்குரல் கதறவில்லை, விசித்திர ஒலி எதையும் எழுப்பவில்லை. மற்றவர்கள் பாடுவதையே பாட விரும்புகிறது. சற்றுத் தள்ளி நிற்கிறது. அவ்வளவே. நோயின் சமூக வலியை இதனினும் குறைந்த ஒலியால் காட்டுவது அரிது.

எனினும் இங்கு வேறொரு கேள்வி எழுகிறது. வோல்ஃப்லி இறந்து அரைநூற்றாண்டு கழிந்தபின் அவர் சொற்கள் அவர் இசைவைப் பெறாமலேயே இசையரங்கிற்கு வந்தன. அவரால் தீங்குற்றோரின் குரல் எங்கும் ஒலிக்கவில்லை. நோயாளியின் படைப்பைப் போற்றும்போது, அவரைக் குற்றமற்ற குழந்தையாகவோ ஞானியாகவோ உருமாற்றிவிடும் இடர் உண்டு. தூற்றுதலும் போற்றுதலும் ஆகிய இரண்டுமே ஒருவரை முழு மனிதராகக் காணத் தவறக்கூடும்.

7. சொல்லை இழந்த உரையாடல்

சாரா கேனின் நாடகத்தை மூலமாகக் கொண்ட ஃபிலிப் வெனபிள்ஸின் ‘4.48 சைக்கோசிஸ்’ 2016-இல் இலண்டனில் அரங்கேறியது. கடும் மனச்சோர்வைப் பொருளாகக் கொண்ட அந்நாடகத்தில் பாத்திரப் பெயர்கள் இல்லை. வெனபிள்ஸ் ஒரு மனத்தை ஆறு பெண்குரல்களுக்குப் பகிர்ந்தளிக்கிறார். எந்தக் குரலும் முழு உரிமை பெறுவதில்லை.

இதில் மருத்துவரும் நோயாளியும் பேசும் பகுதிகள் பாடப்படுவதில்லை. இரு தாளக்கருவியாளர்கள் அவ்வுரையாடலின் சொல்லோசையைத் தாளமாக அடிக்கின்றனர். சொற்கள் திரையில் எழுத்தாக மட்டும் தோன்றுகின்றன. மருத்துவ உரையாடலில் பொருள் இருக்கிறது, குரல் இல்லை என்பதை இவ்வுத்தி உணர்த்துகிறது. டேவிஸின் காவலர் ஏந்திய தாளக்கருவி இங்கு இருவர் கைக்கும் சமமாக வந்துசேர்கிறது என்பது ஒப்புநோக்கத்தக்கது. ஆயினும் அச்சமநிலை புரிதலாக மாறுவதில்லை. அடியும் எதிரடியும் முறையாகச் சந்திக்கின்றன, மனிதர்கள் சந்திப்பதில்லை.

8. பெறப்படும் கருத்துகள்

மேற்கண்ட விளக்கங்களிலிருந்து மூன்று கருத்துகளைத் தொகுக்கலாம்.

முதலாவது, நோயைச் சுட்டும் நிலையான இசைக்குறி என ஒன்றில்லை. 1835-இல் அலங்காரமும், 1909-இல் சுருதி மையமின்மையும், 1969-இல் இனிய பழைய மெட்டும் அப்பணியைச் செய்தன. குறியின் ஆற்றல் அவ்வக்காலக் கேட்போரின் பழக்கத்தைச் சார்ந்தது.

இரண்டாவது, 1969-க்குப் பிந்திய படைப்புகளில் நோய் உறவாகவே கட்டமைக்கப்படுகிறது. அரசருக்கும் அவரை எள்ளும் கருவிகளுக்கும், லென்ஸுக்கும் ஓபர்லினுக்கும், தாளம் தவறும் குரலுக்கும் சேர்ந்திசைக்கும், நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையே அமையும் தொலைவே இசையின் உண்மையான பொருளாகிறது.

மூன்றாவது, அறச்சிக்கலுக்கு இப்படைப்புகள் தரும் விடைகள் வேறுபடுகின்றன. டேவிஸ் கேட்போரைக் குற்றவுணர்வுக்கு ஆளாக்குகிறார், ரீம் உடன்கேட்போராக்குகிறார், நோர்கோர் நோயாளியின் சொல்லை மூலமாக ஏற்கிறார், வெனபிள்ஸ் உரையாடலின் தோல்வியைக் காட்டுகிறார். இவற்றுள் எதுவும் சிக்கலை முற்றாகத் தீர்த்துவிடவில்லை.

9. முடிவுரை

மனநோயை இசையில் புலப்படுத்துவது விசித்திர ஒலிகளைத் தொகுப்பதால் நிறைவேறுவதன்று. கேட்போருக்கும் கேட்கப்படுபவருக்கும் இடையிலான தொலைவை எவ்வாறு அமைப்பது என்பதே படைப்பாளி தீர்க்க வேண்டிய கலைச்சிக்கலும் அறச்சிக்கலுமாகும். இந்நோக்கில் ஒரு படைப்பை மதிப்பிட, அதன் ஒலி எவ்வளவு குலைந்துள்ளது என்று அளப்பதைவிட, அதில் யார் யாரைக் கேட்கிறார், யார் கேட்கப்படாமல் விடப்படுகிறார் என்று வினவுவதே பயனுடையது. தமிழில் மனநலம் சார்ந்த நாடகம், திரையிசை, புனைவு ஆகியவற்றை ஆராய்வோருக்கும் இவ்வினா பொருந்தும். மனநோயுற்ற பாத்திரம் தோன்றும் காட்சியில் பின்னணி இசை அப்பாத்திரத்தின் செவியிலிருந்து ஒலிக்கிறதா, அவரைச் சூழ்ந்து நிற்போரின் வாயிலிருந்து ஒலிக்கிறதா என்பதை ஆராயும் பணி இனி விரிவாக மேற்கொள்ளத்தக்கது.